ஒன்னிச்சு

புளியரை செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினால்
முதலில் பெர்மிட் கேட்பார்கள்.
பெர்மிட்டுக்கு எடைச்சீட்டு.
எடைச்சீட்டுக்கு முதலாளி கடிதம்.
கடிதத்துக்கு சீல்.
சீல் புனலூரில் இருக்கும்,
முதலாளி மதுரைக்குப் போயிருப்பார்.

பதினோரு வருஷமாக எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்து
இதையெல்லாம் கண்ணாடி வழியே பார்க்கிறவள்தான்.
ஆனாலும் அந்த ராத்திரி
கம்ப்யூட்டரும் அதையே கேட்டபோது
எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றை மூடியபோது
ஏழாயிரத்துக்கு வாங்கிய பெட்டி.
‘இன்டர்நெட் உண்டு’ என்ற போர்டு
வாங்குவதற்கு முன்பே எழுதி வந்துவிட்டது,
இரண்டு பாஷையில்.
மலையாளத்தில் ஒரு சுழி குறைவு என்று
டீக்கடையில் சொன்னார்கள்.
சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன்.

சிடி கொடுத்தது வர்க்கீஸ்.
அன்னாசி லோடு அடிக்கிறவன்.
கொல்லத்தில் அவன் மச்சினன் எழுதிக் கொடுத்த காகிதமும் கூட.
“எல்லாம் கட்டித் தீர்த்தது. ஏற்றினால் மதி.”

கட்டித் தீர்த்தது என்றால்,
யாரோ, எந்த ஊரிலோ,
ஊறப்போட்டு அரைத்துப் புளிக்கவைத்து
எனக்கு ஊற்றுகிற வேலையை மட்டும் விட்டிருக்கிறார்கள்.
அவர்கள் வீட்டுக் கல் வேறு,
என் அடுப்பு வேறு என்பது
அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் பொட்டலம் ஏறியது.
இரண்டாவது ஏறியது.
டயல் செய்கிற பொட்டலத்தைத் தொட்டதும்
லிப் என்று தொடங்கும் ஒருத்தியைக் கேட்டது.
அவளைக் கூப்பிட்டால்
பக்கத்து வீட்டு லிப் வந்தால்தான் வருவாளாம்.
அந்த லிப்பைக் கூப்பிட்டால்
இவள் முதலில் வரட்டுமாம்.
கல்யாணத்துக்குப் பாக்கு வைக்கப் போய்
இரண்டு ஓரகத்திகள் வாசலில் நின்ற கதை.

மணி ஒன்றே கால்.
சாரல் கண்ணாடியில் குத்தூசியாய் விழுந்தது.
காகிதத்தை விளக்கில் பிடித்தேன்.
பஸ் போர்டு அளவுக்குத்தான் எனக்கு மலையாளம்:
கொல்லம், தென்மலை, ஆரியங்காவு.
எழுத்தாகத் தெரியாது, உருவமாகத் தெரியும்.
அந்த இரண்டு லிப்புக்கும் பக்கத்தில்
மூன்று நான்கு சுழி சேர்ந்த ஒரு சொல்.
எந்தப் பஸ்ஸும் போகாத ஊர்.

வெளியே லாரி வரிசையில்
வர்க்கீஸ் கேபினில் காலை நீட்டிக் கிடந்தான்.
பெர்மிட்டில் நம்பர் தப்பு,
விடியாமல் விடமாட்டார்கள்.
ஜன்னலில் காகிதத்தை நீட்டினேன்.
அரைத்தூக்கத்தில் வாசித்தான்:

“ஒன்னிச்சு.”

அப்படியென்றால்?

அவனுக்குத் தமிழ் அகப்படவில்லை.
இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஸ்டியரிங் மேல் ஒரே தட்டாகத் தட்டினான்.

ஓடி வந்தேன், செருப்பு சேற்றில் போனது.
இரண்டு பேரையும் ஒரே வரியில் அடித்தேன்.
இவளுக்கு அவள் ஜாமீன், அவளுக்கு இவள்.
பெட்டி எதுவுமே நடக்காதது போல
அடுத்த வரிக்கு வந்து நின்றது.

ஒரே லைன். பூத் போனைப் பிடுங்கி மோடத்தில் செருகினேன்.
கீச்சென்றது,
கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற வண்டி மாதிரி,
பிறகு கரகரத்தது,
பிறகு சத்தமே இல்லை.

போய்விட்டது.

எங்கே போவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.
நாலு நிமிஷம் அந்த வெற்றுக் கட்டத்தில்
கர்சர் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.
அடூருக்கு அவசரமாகப் பேச வேண்டுமாம், மனைவிக்கு ஆஸ்பத்திரியாம்.
பிடுங்கி அவரிடம் கொடுத்தேன்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்.
ஊர் உலகத்தையெல்லாம் எண்ணுகிற மீட்டர்
சத்தமில்லாமல் என்னையும் எண்ணி
சீட்டு துப்பி வைத்திருந்தது.
இரண்டு ரூபாய் சொச்சம்.
கல்லாவில் போட்டேன், சொந்தக் காசு.
சீட்டைப் போர்டின் ஆணியில் குத்தினேன்.

அடூர்க்காரர் வெளியே வந்து
பெண் குழந்தை என்றார்,
மலையாளத்தில்தான்.
அது எனக்குப் புரிந்தது.